தாண்டிக்குடி நேச்சுரல் காபி: கோப்பையில் குறை தெரிந்தால் எங்கே கை வைப்பது

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி வட்டாரத்து அராபிகாவைப் பழத்தோடு காயவைத்து, இளவறுப்பில் வறுத்து, ‘நேச்சுரல்’ என்று தனியாக விற்கிறார்கள். பழத்தோடு காயவைப்பது புதிய முறையல்ல. ‘செர்ரி’ என்ற பெயரில் மலிவுச் சரக்காகக் காலங்காலமாகப் போய்க்கொண்டிருப்பதும் அப்படிக் காய்ந்ததுதான். வேறுபாடு கவனிப்பில் இருக்கிறது: நன்றாகப் பழுத்ததை மட்டும் பறித்து, மேடைவலையில் மெல்லிசாகப் பரப்பி, கிளறிக்கிளறிக் காயவைத்த கொட்டையில் மலைவாழை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் மணம் வரும். அந்த மணம் உங்கள் கோப்பையில் வரவில்லை என்றால் எங்கே தேடுவது என்பதற்கே இந்த வழிமுறை.

வலையில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் எழுதப்பட்டவை. மலையில் அவற்றை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் காபி கெடும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இந்தக் காபி புளிக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் கொட்டையில் குறையே இல்லை, கெட்டிலில்தான் இருக்கிறது.

முதல் வேலை: குறை கொட்டையிலா, கையிலா?

எதையும் மாற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பீங்கான் கோப்பை ஒன்றில் 12 கிராம் பொடி (உப்புமா ரவையைவிடக் கொஞ்சம் பெரிய அரைப்பு), அதன்மேல் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் 220 மில்லி. தட்டு போட்டு மூடுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், மலைக்குளிரில் சூட்டை உடனே விட்டுவிடும். நான்கு நிமிடம் கழித்து, மேலே ஏடுபோல் நிற்கும் பொடியைக் கரண்டியின் பின்புறத்தால் மூன்று தடவை தள்ளி உடைத்து, அந்த நொடியில் மூக்கைப் பக்கத்தில் வைத்து முகருங்கள். பிறகு நுரையை வழித்தெடுத்துவிட்டு, மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனதும் கரண்டியால் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சிப் பாருங்கள். ஆறிய பிறகு இன்னொரு தடவை.

இதில் கைத்திறனுக்கு வேலை கிடையாது. ஊற்றும் வேகம், வடிகட்டும் காகிதம், அதைத் தாங்கும் கூம்பான டிரிப்பர் எதுவும் குறுக்கே வராது. இந்தக் கோப்பை இனிப்பாகவும் டிரிப்பரில் போட்டது மோசமாகவும் இருந்தால் குறை நீங்கள் காய்ச்சும் முறையில். இரண்டிலும் அதே குறை இருந்தால் கொட்டை, வறுவல், தண்ணீர் மூன்றில் ஒன்று.

அளவுகோலாக ஒரு செய்முறை

டிரிப்பரில் பொடி 15 கிராம், தண்ணீர் 250 கிராம், வெள்ளை ரவை அளவு அரைப்பு. முதலில் 45 கிராம் ஊற்றி 40 நொடி ஊறவிடுங்கள். 1 நிமிடம் 15 நொடிக்குள் தராசு 150ஐக் காட்ட வேண்டும், 1 நிமிடம் 50 நொடிக்குள் 250ஐ. இறுதிச் சொட்டு 2:45க்கும் 3:15க்கும் இடையே விழ வேண்டும். கீழே சொல்லும் ‘அதிகம்’, ‘குறைவு’ எல்லாம் இதை வைத்துத்தான். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

பல்லைக் கூசவைக்கும் புளிப்பு, தண்ணி மாதிரி, லேசாக உப்பு

சாறு முழுதாக இறங்கவில்லை. காபித்தூளிலிருந்து புளிப்பும் உப்பும் முதலில் கரைந்து வரும். இனிப்பும் கனமும் பின்னால்தான் வரும். பின்பாதி வராமலே நின்றுபோன கோப்பை இது.

முதல் சந்தேகம் சூடு. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. 1,400 மீட்டரில் உள்ள தோட்டத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். குன்னூரில் ஏறக்குறைய 94, கொடைக்கானல் ஏரிப் பக்கம் 93, ஊட்டியில் 92 அல்லது 92.5. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் ஏறாது. ‘கொதித்ததும் ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றவும்’ என்று எழுதியிருப்பதை ஊட்டியில் செய்தால், ஊற்றும்போதே 88க்கு வந்திருக்கும். மார்கழிக் காலையில் ஜில்லென்று இருக்கும் பீங்கான் டிரிப்பர் இன்னும் நாலைந்து டிகிரியைத் தின்றுவிடும். இளவறுப்புக் கொட்டை கெட்டியானது. 84 டிகிரித் தண்ணீருக்கு அது எதையும் கொடுக்காது.

செய்ய வேண்டியது: ஆறவிடவே வேண்டாம். அடுப்பில் கொதிக்கிற கெட்டிலை அப்படியே எடுத்து ஊற்றுங்கள். முதல் ஊற்று முடிந்ததும் அந்த 40 நொடிக்கும் மறுபடி தீயின்மேல் வையுங்கள். பொடி போடுவதற்கு முன், காகிதத்தோடு டிரிப்பரையும் கீழ்ப்பாத்திரத்தையும் 200 மில்லி கொதிநீரால் நனைத்துச் சூடாக்குங்கள். மலையில் பீங்கானைவிடப் பிளாஸ்டிக் டிரிப்பர் மேல். விலையும் குறைவு, சூட்டையும் குறைவாகவே குடிக்கும். சூடு காட்டும் மின்கெட்டிலில் 96 என்று வைத்திருந்தால் கொடைக்கானலில் அந்த எண் வரவே வராது. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

இதற்குப் பிறகும் புளித்தால், காபி அரைக்கும் கைமிஷினின் திருகை இரண்டு கிளிக் திருப்பி அரைப்பை நைசாக்குங்கள். இறுதிச் சொட்டு விழும் நேரம் 15, 20 நொடி நீளும், கூடவே இனிப்பும் ஏறும். அதுவும் போதவில்லை என்றால் ஊற்றி வடிக்கும் முறையை விட்டுவிட்டு ஊறவைக்கும் முறைக்கு மாறுங்கள். ஊட்டி உயரத்தில் பிரெஞ்சு பிரஸ்தான் (ஊறிய பொடியை வலைத்தட்டால் அடியில் அழுத்தும் குடுவை) இந்தக் காபிக்குச் சுலபமான பாத்திரம்: 18 கிராம், 300 மில்லி, மேலே கனமான துண்டைச் சுற்றி 6 நிமிடம். நேரத்தைக் கூட்டி, குறைந்த சூட்டை ஈடுகட்டலாம்.

மூன்றாவது சந்தேகம் தண்ணீர். மலைச் சுனைநீரில் தாது குறைவு. புளிப்பை மட்டுப்படுத்தும் காரத்தன்மையும் அதில் இல்லாததால், உள்ளே இருக்கும் புளிப்பு அப்படியே கூராக நாக்கில் இறங்கும். கைகழுவும்போது சோப்பு எவ்வளவு கழுவினாலும் வழவழவென்று போகாமல் நின்றால் அது மென்னீர். 7 கிராம் ஆப்ப சோடாவை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, காய்ச்சும் தண்ணீர் லிட்டருக்கு அதில் 10 மில்லி மட்டும் சேருங்கள். சோடாவை நேராகச் சிட்டிகை போடாதீர்கள். கை கொஞ்சம் அதிகமானாலும் காபி சப்பென்று, சோப்பு ருசியோடு நிற்கும்.

நல்ல புளிப்பையும் குறையென்று எண்ணி விரட்டிவிட வேண்டாம். கோப்பையைப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஆற ஆற இனிப்பு கூடி, ஆரஞ்சுச் சுளை மாதிரி ஆனால் அது பழத்தின் இயல்பு. ஆற ஆறக் கூர்மை ஏறினால் குறை. இந்த மலையில் அதிகம் நிற்கும் எஸ்.795 இயல்பிலேயே அடக்கமான புளிப்புள்ள வகை. அது பல்லைக் கூசவைத்தால் முதலில் கெட்டிலைப் பாருங்கள்.

ஒரே வாயில் புளிப்பும் கசப்பும்

அரைப்பு சமமாக இல்லை. மிக்ஸியில் அரைத்தால் இதுதான் வரும். பெரிய துண்டு புளிப்பைக் கொடுக்கும், மாவாகிப்போனது கசப்பைக் கொடுக்கும். சூட்டை எப்படி மாற்றினாலும் ஒன்று போனால் மற்றது நிற்கும். கைமிஷின் வாங்கும்வரை ஒரு வழி: 18 கிராம் கொட்டையை மிக்ஸியில் இரண்டிரண்டு நொடியாக விட்டுவிட்டு அரைத்து, இடையிடையே ஜாரைக் குலுக்கி, மெல்லிய சல்லடையில் சலித்துத் தூசியை நீக்குங்கள். நின்றதிலிருந்து 15 கிராம். நீக்கிய தூசியை எறிய வேண்டாம், பால் காபிக்கு ஃபில்டரில் போடலாம்.

கசப்பு, நாக்கு வறண்டு துவர்ப்பது

சாறு தேவைக்கு மேல் இறங்கிவிட்டது. அரைப்பை இரண்டு கிளிக் பெரிதாக்குங்கள். காகிதத்தில் பொடி சேறுபோல் படிந்து, இறுதிச் சொட்டு நாலு நிமிடத்தைத் தாண்டினால் காரணம் அதுவே. அரைப்பு சரியாக இருந்தும் கசந்தால் கொட்டையை உற்றுப்பாருங்கள். மேலே எண்ணெய் மினுங்கினால் வறுவல் கருகலுக்குப் போய்விட்டது, டிரிப்பரில் இதைச் சரிசெய்ய முடியாது. பாலோடு குடித்துத் தீர்ப்பது நல்லது.

மலையில் வாங்கிய பொட்டலத்தை மதுரைக்கோ சென்னைக்கோ கொண்டுபோய், ‘அங்கே நன்றாக இருந்தது, இங்கே கசக்கிறது’ என்பவர்களுக்கும் இதே பகுதிதான். கீழே அந்த ஊர்களில் தண்ணீர் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. மேலே சொன்னதைத் திருப்பிப் போடுங்கள்: கொதித்ததும் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் ஆறவிட்டு 94, 95ல் ஊற்றுங்கள்.

தண்ணீர் இறங்காமல் நின்றுவிடுகிறது

மேலே இருந்து உயரமாக ஊற்றினால் தூசியெல்லாம் காகிதத்தின் அடியில் போய் அடைத்துக்கொள்ளும். கெட்டில் மூக்கைப் பொடிக்கு மூன்று விரற்கடை உயரத்துக்குள் கொண்டுவந்து, நடுவில் மெல்ல ஊற்றுங்கள். ஓரக் காகிதத்தின்மேல் ஊற்ற வேண்டாம். அதற்கும் நின்றால் அரைப்பைப் பெரிதாக்குங்கள்.

சாராய நெடி, காடி வாடை, அழுகல் பலா

நேச்சுரல் காபியில் கவனமாகப் பிரித்தறிய வேண்டியது இதுதான். பழுத்த பலாச்சுளை மணம் இதற்கு அழகு. பலா இரண்டு நாள் தாண்டி, தோல் கறுத்து, பக்கத்தில் ஈ மொய்க்கும்போது வருமே ஒரு நெடி, அது குறை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு மெல்லியது. மேலே சொன்ன சோதனைக் கோப்பையில் ஏட்டை உடைக்கும் அந்த நொடியில்தான் அது தெளிவாகத் தெரியும். மூக்கில் எரிச்சல் வந்தால் காடி. எரிச்சல் இல்லாமல் கனமான இனிப்பு மணம் மட்டும் வந்தால் பழம்.

காரணம் களத்தில் இருக்கிறது. பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். பழம் சிவந்து பறிப்பு தொடங்கும்போது மழையும் பனிமூட்டமும் இன்னும் விலகியிருக்காது. அந்த நேரத்தில் பழத்தைக் கனமாகக் குவித்துவிட்டால், அடியில் இருப்பது காய்வதற்கு முன் நொதித்துப்போகும். இரண்டு மூன்று பழ உயரத்துக்கு மேல் பரப்பக் கூடாது, பகலில் பல தடவை கிளற வேண்டும், மூட்டம் இறங்கும் முன்பே மூடிவிட வேண்டும். ஈரப்பதம் 11 விழுக்காடு அளவுக்கு இறங்க மூன்று, நாலு வாரம்கூட ஆகும். காய்ந்த பழத்தை ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று ஆடும். சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் காயவில்லை. அந்த நாட்களில் அவசரப்பட்டது எதுவும் வறுவலில் மறையாது.

வாங்கியவர் என்ன செய்யலாம்? நெடி லேசாக இருந்தால் பொட்டலத்தை இன்னும் பத்து நாள் மூடி வையுங்கள், கொஞ்சம் அடங்கும். பிறகு அரைப்பை மூன்று கிளிக் பெரிதாக்கி, தண்ணீரை 88 டிகிரிக்கு ஆறவிட்டு, 15 கிராமுக்கு 260 மில்லி ஊற்றுங்கள். மலையில் சூட்டைக் குறைக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான். நெடி பலமாக இருந்தால் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

மருந்துக்கடை வாடை, அயோடின் நெடி என்பது வேறு. மூட்டையில் சில கொட்டைகளில்தான் இருக்கும், ஆனால் ஒன்று விழுந்தாலும் கோப்பை முழுதும் கெடும். அதனால்தான் ஒரே பொட்டலத்தில் ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் வருகிறது. சந்தேகமிருந்தால் ஐந்து கோப்பை தனித்தனியாக அரைத்து வைத்துச் சோதியுங்கள்.

பச்சை வேர்க்கடலை, வைக்கோல் ருசி

இரண்டு காரணம். ஒன்று பழுக்காத காய். வறுத்த கொட்டை 100 கிராமை வெள்ளைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். மற்றவை தேக்கு நிறத்தில் இருக்க, நடுநடுவே நிலக்கடலை ஓட்டின் நிறத்தில் வெளிறிய கொட்டைகள் தெரியும். விரலால் நசுக்கினால் சட்டென்று உடையும், மென்றால் காகிதம் மாதிரி இருக்கும். அவை காயாகப் பறித்தவை. உள்ளே சர்க்கரை சேராததால் வறுவலில் நிறம் ஏறவில்லை. தோல் நீக்கிக் கழுவிக் காயவைக்கும் காபியில் தண்ணீர்த் தொட்டியிலும் பழத்தோலை உரிக்கும் பல்ப்பரிலும் இவற்றில் பெரும்பகுதி ஒதுங்கிவிடும். பழத்தோடு காயும் காபியில் காய்ந்த பிறகு எல்லாப் பழமும் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் வறுத்த பிறகு பொறுக்குவதைத் தவிர வழியில்லை. பொறுக்கியதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கோப்பை போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைக்கு இத்தனை பலன் வேறெதிலும் கிடைக்காது.

மற்றொன்று வேகாத வறுவல். எல்லாக் கொட்டையும் ஒரே நிறம், ஆனாலும் வைக்கோல் ருசி என்றால் ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று நொறுங்காமல் பல்லுக்குக் கல்லாக எதிர்த்தால் உள்ளே வேகவில்லை. அரைப்பை எவ்வளவு நைசாக்கினாலும் இந்த ருசி போகாது. அந்த ஈட்டையே வறுத்தவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

சப்பென்று, எந்த மணமும் இல்லை

வறுத்த தேதியைப் பாருங்கள். இளவறுப்பு நேச்சுரலுக்கு ஏழாம் நாளிலிருந்து முப்பதாம் நாள்வரை நல்ல காலம். இரண்டு மூன்று நாளில் திறந்தால் உள்ளே இருக்கும் வாயு தண்ணீரைத் தள்ளிவிடும், பொடி பொங்கிப்பொங்கி நிற்கும், ருசி இறங்காது. அரைத்து வாங்கிய பொடி என்றால் ஒரு வாரத்திலேயே மணம் போய்விடும்.

தேதி சரியாக இருந்தால் தண்ணீர். வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளைப் படிவு கட்டும். அந்தத் தண்ணீர் காபியின் புளிப்பை முழுக்க அணைத்துவிடும், பழமணமும் கூடவே போகும். ஆர்.ஓ. தண்ணீர் எதிர்ப்பக்கம், காலியானது. இரண்டையும் கலப்பதே தீர்வு: ஆர்.ஓ. மூன்று பங்கு, கிணற்றுநீர் ஒரு பங்கில் தொடங்கி, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 100லிருந்து 150க்குள் நிறுத்துங்கள்.

சாக்கு வாடை, பூண்டு வாடை

சாக்கு அல்லது பூசண வாடை என்றால் ஈரம் புகுந்துவிட்டது. இந்தக் கொட்டையைக் குடிக்க வேண்டாம். மலையில் வாய் திறந்த பொட்டலம் ஒரு மழைநாளிலேயே ஈரம் இழுக்கும். 50 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து, காற்றை வெளியேற்றி மூடி, ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். ஃபிரீசரில் வைத்தால் வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கொட்டைமேல் வியர்த்துவிடும். மலைவீடுகளில் அடுப்புக்கு மேலே பூண்டுக் கொத்தைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். காபி டப்பாவை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டே நாளில் மணத்தை இழுத்துக்கொள்ளும்.

கீழேயிருந்து வந்த பொட்டலம் பலூன்போல் உப்பியிருந்தால் பயப்பட வேண்டாம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான்.

எவர்சில்வர் ஃபில்டரில் போட்டால் டிகாக்ஷன் தண்ணியாக ஓடுகிறது

சிக்கரி இல்லாததுதான் காரணம். சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும், கனமும் கொடுக்கும். இந்தக் காபியைச் சிக்கரி கலக்காமல் போடுவதே முறை, அதனால் அந்த வேலையை அரைப்பு செய்ய வேண்டும். ரவையைவிட நைசாக, விரலில் தேய்த்தால் நறநறப்பு லேசாகத் தெரியும் அளவுக்கு அரைத்து, 30 கிராம் போட்டு, குடைத்தட்டால் மெல்ல அழுத்துங்கள். கொதிநீர் 50 மில்லி ஊற்றி இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். பிறகு 130 மில்லி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கினால் சரி.

குளிரில் டிகாக்ஷன் இறங்கி முடிவதற்குள் ஆறிப்போகும். அதை அடுப்பில் ஏற்றிச் சுடவைத்தால் பழமணம் முதலில் ஓடிவிடும். ஃபில்டரையே வெந்நீர் இருக்கும் அகலப் பாத்திரத்துக்குள் உட்காரவைத்துவிடுங்கள்.

சொட்டவே இல்லை என்றால் மேல்பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கி மறுபடி வையுங்கள். அடியில் அடைபட்ட காற்று வெளியேறினால் சொட்டத் தொடங்கும். அதற்கும் அசையவில்லை என்றால் ஓட்டை அடைத்திருக்கிறது. காலி செய்து, ஓட்டைத் தட்டைத் தீயின்மேல் காட்டி, அடைந்த பொடி கருகியதும் பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எல்லாப் புள்ளியும் தெரிய வேண்டும்.

பால் ஊற்றினால் திரிகிறது

இளவறுப்பு டிகாக்ஷனில் புளிப்பு அதிகம். காலையில் கறந்த பாலுக்கு ஒன்றும் ஆகாது. நேற்றைய பால் ஏற்கெனவே புளிப்பேறத் தொடங்கியிருந்தால் இந்த டிகாக்ஷன் பட்டதும் திரிந்துவிடும். புதுப்பாலை அன்றே காய்ச்சி, டிகாக்ஷனும் வெதுவெதுப்பாக இருக்கும்போது சூடான பாலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு பங்கு டிகாக்ஷனுக்கு இரண்டு பங்கு பால். சர்க்கரை போடுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மலைவாழை மணம் பாலுக்குள்ளும் தெரிந்தால் அளவு சரி. தெரியவில்லை என்றால் பாலை அரைப் பங்கு குறையுங்கள்.